முந்திரி அக்காவும் ஒப்பீட்டுப் பகுதியும்

அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸ் வரும். அடிபட்டவனுடைய அண்ணனுக்கு முந்திரி அக்கா வருவாள். பெரும்பாலும் ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே வந்துவிடுவாள்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். கடைசி நாற்காலி அவளுடையது. உள்ளே தம்பிக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே அண்ணன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பான். கூட வந்த நண்பர்கள் அவன் தோளில் கை போட்டு, "விடக் கூடாதுடா" என்று ஓதிக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்தில் அறிவுரை சொல்கிறவன் முட்டாள் என்பது அக்காவின் தீர்மானமான கருத்து. அவள் நேராக அண்ணனிடம் போய், "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிப்பா" என்று தன் பையை நீட்டுவாள். அந்தப் பைக்குள் செங்கல் இருக்கிறதா என்று பலருக்குச் சந்தேகம் உண்டு. அவன் வாங்கிக்கொண்டதும் இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். இரண்டு கையும் நிறைந்தவன் உடனே யாரையும் அடிக்கக் கிளம்ப மாட்டான்.

அப்புறம் கேள்விகள் தொடங்கும். தம்பிக்கு என்ன ரத்த வகை, அம்மாவுக்கு யார் சொல்வது, மருந்து வாங்க யார் போவது, நாளைக்கு அவன் வேலைக்குப் போகாவிட்டால் முதலாளியிடம் யார் பேசுவது. ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழும். அவன் கோபம் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப்போகும். கடைசியில், "அக்கா, பையை வாங்கிக்கங்க, கை வலிக்குது" என்பான். "இன்னும் கொஞ்ச நேரம்" என்பாள் அவள்.

முந்திரி என்ற பெயர் அவளுடைய வீட்டுக்காரர் வைத்தது. அவர் லாரி மெக்கானிக். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். கல்யாணமான புதிதில் பட்டறை முதலாளி அவரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற புதுப்பெண், "முடியாதுங்க, அவருக்கு இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவர் சொன்ன ஒரு வார்த்தை, முந்திரிக்கொட்டை. குடியிருப்பு அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டது. அவளுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. புதிய ஆட்களிடம் அவளே, "நான் முந்திரி" என்றுதான் அறிமுகம் செய்துகொள்வாள்.

முதலில் அவள் அதே அவசரப் பிரிவில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் குத்தியவன் அடுத்த வாரம் குத்துப்பட்டு வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வருகிற டாக்டர், போகிற டாக்டர் எல்லோருடைய காதிலும் அதையே ஓதினாள். அப்போதுதான் உள்துறை, வன்முறைத் தடுப்புக்கென்று ஒரு மானியத்தை அறிவித்தது. அதை வாங்கி ஒரு சிறிய நிறுவனம் தொடங்கிய டைரக்டர் மேடத்தின் காதிலும் இந்த ஓதல் விழுந்தது. இப்படித்தான் அக்கா கவுண்டரிலிருந்து எழுந்து கடைசி நாற்காலிக்கு வந்தாள். முதுகில் நிறுவனத்தின் பெயர் போட்ட ஆரஞ்சுச் சட்டை ஒன்றும் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு முதல் நாள் வீட்டுக்குப் போனபோது, ரோடு போடுகிற வேலையா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

மானியம் மூன்று வருஷத்துக்கு. சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. இந்த வேலையால் உண்மையிலேயே அடிதடி குறைகிறதா என்று பல்கலைக்கழகம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். குறைகிறது என்று தெரிந்தால் மானியம் நீளும், மற்ற ஊர்களுக்கும் போகும். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆராய்வதற்கு வந்தவர் ஓர் இளைஞர். அக்காவுக்கு அவர் 'ஆராய்ச்சித் தம்பி'. எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாத பிறவி. மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்து, "இப்போதைக்கு, பெய்யற மாதிரிதான் தெரியுது அக்கா" என்பார். அதே குரலில், அதே இழுப்பில் அக்கா அவரை அவர் முன்னாலேயே பேசிக் காட்டுவாள். அவரும் சிரிப்பார். சிரிப்பில் மட்டும் அவருக்குத் தயக்கம் இல்லை.

அவர் போட்ட திட்டம் எளிமையானது. ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு, அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு. இரண்டையும் ஒரே காண்டிராக்டர்தான் கட்டினார். ஒரே மாதிரி மாடி, ஒரே மாதிரி உதிரும் காரை, கிட்டத்தட்ட ஒரே அளவு அடிதடி. இந்தப் பக்கம் மட்டும் வேலை செய்ய வேண்டும். அந்தப் பக்கம் ஒப்பீட்டுப் பகுதி. அங்கே இவர்கள் கால் வைக்கக் கூடாது. மூன்று வருஷம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்படியானால் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். இதுவரை என்ன நடந்ததோ அதுதான் நடக்கும், போலீஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, நாம் மட்டும் போகக் கூடாது என்றார் தம்பி. அக்கா தலையாட்டினாள். அவள் தலையாட்டலுக்கு உத்தரவாதம் கிடையாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது.

ஆனால் முதலில் அவள் விதியை மதிக்கத்தான் செய்தாள். ஒரு நாள் காலையில் ஒரு பையன் கையில் வெட்டுக்காயத்தோடு வந்தான். அவன் அண்ணன் வெளியே கொதித்துக்கொண்டு நின்றான். அக்கா பையோடு எழுந்து போய் முகவரி கேட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் வெளியே போனான். அவன் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் அவனே ஸ்ட்ரெச்சரில் வந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் வலது கால் பழையபடி ஆகவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா பாலம் ஏறினாள்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பாலத்தின் படிக்கட்டில் நின்று ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றுவாள், மடித்துப் பைக்குள் வைப்பாள், அப்புறம்தான் நடப்பாள். சட்டை போட்டிருந்தால்தானே வேலை? கழற்றிவிட்டால் அவள் வெறும் முந்திரி. வெறும் முந்திரி எங்கே வேண்டுமானாலும் மூக்கை நுழைக்கலாம், யாரும் கேட்க முடியாது. இந்தச் சட்டம் அவள் மனசுக்கு மிகச் சரியாகப் பட்டது. அந்தப் பக்கத்தில் பேக்கரி நடத்துகிற அம்மாவுக்கு எந்த வீட்டில் என்ன புகைகிறது என்பது அத்துப்படி. அவர் போன் போடுவார், இவள் போவாள். விடுமுறை நாளில், வேலை முடிந்த பிறகு, சில சமயம் சாப்பாட்டு இடைவேளையில். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் ம் என்றார்.

மூன்றாவது வருஷம் முடியப்போகிற நேரத்தில் தம்பி முடிவுகளைக் கொண்டு வந்தார். ஆபீஸில் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். டைரக்டர் மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். தம்பியின் முகம் தூங்காத முகம். இந்தப் பக்கம் அடிதடி நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவர் கையை உயர்த்தினார். அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருக்கிறது என்றார்.

"நல்லதுதானே?" என்றாள் அக்கா.

யாரும் மேசையைத் தட்டவில்லை. தம்பி மெதுவாக விளக்கினார். வேலை செய்த இடத்திலும் குறைந்தது, செய்யாத இடத்திலும் குறைந்தது. அப்படியானால் குறைந்ததற்குக் காரணம் நாம் இல்லை. ஏதோ ஒரு பொதுக் காரணம். இந்த அறிக்கையைத்தான் மானியக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழு படித்தால் மானியம் நின்றுவிடும். நாளையிலிருந்து கடைசி நாற்காலி காலி.

 அக்காவுக்கு மறைக்கத் தெரியாது என்பதைவிட, வாயை மூடத் தெரியாது என்பதுதான் சரி.

"செய்யாத இடம்னு யாரு சொன்னா?" என்றாள். "அங்கேயும் நான்தான் போனேன்."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இன்னும் ஒரு முறை உட்கார்ந்தார். டைரக்டர் மேடத்தின் பேனா உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. எத்தனை தடவை என்று தம்பி கேட்டார். அவளுக்கு ஆட்கள் நினைவிருந்தார்கள், தேதிகள் இல்லை. பேக்கரிக்குப் பின்னால் இருக்கிற இரட்டைப் பிறவிகள், மூன்றாம் மாடி டிரைவர், அவன் மச்சான், ஸ்கூட்டர் தகராறு. சொல்லிக்கொண்டே போனாள். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போனேன் என்று அவள் அழுத்திச் சொன்னபோது, தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவரே பிறகு சொன்னார், இரண்டும்தானாம்.

டைரக்டர் மேடம் நல்லவர். ஆபீஸ் மூடினால் எல்லோர் வீட்டிலும் என்ன ஆகும் என்பதுதான் அவர் தலையில் ஓடியது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் பொத்தினாற்போல எழுத முடியுமா, நல்லது தானாகப் பாலம் தாண்டிப் பரவியது என்கிற மாதிரி, என்று இழுத்தார். தம்பி நிமிர்ந்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து இழுப்பில்லாத ஒரு வார்த்தை வந்தது.

"முடியாது, மேடம்."

அக்காவே ஒரு நிமிஷம் அசந்துபோனாள். அந்தக் குரலை அவளால் பேசிக் காட்ட முடியாது.

வீட்டுக்குப் போகிற வழியில் தம்பி அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தார். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் பேசினார். அந்தப் பக்கத்தில் அவள் நாலு பேரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் இது பலிக்கிறது என்று நிரூபித்திருந்தால் பெயர் தெரியாத எத்தனையோ ஊர்களில் கடைசி நாற்காலி ஒன்று போட்டிருப்பார்கள். அங்கேயும் ஓர் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க்கொண்டுதான் இருப்பான், அவனை யாரும் பார்க்கப் போவதில்லை. இதை யாராவது சபையில் சொல்லியிருந்தால் அக்கா சண்டைக்குப் போயிருப்பாள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு சொன்னதால் அது அவளுக்குள் இறங்கிவிட்டது.

வீட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏங்க, நான் செஞ்சது தப்பா?"

"போனது தப்பில்ல. சொல்லாம போனது தப்பு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. குழு முன்னால் நானே போய்ச் சொல்கிறேன் என்றாள். "நீ சொல்லாட்டிதான் ஆச்சரியம்" என்றார்.

மானியக் குழு கூடியது ஒரு பெரிய அரசுக் கட்டடத்தின் மேல்மாடியில். மைக் ஒவ்வொருவர் முன்னாலும் வாத்து மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறவர். அவர் துடைக்கிற நேரத்தில் எதிரில் இருப்பவருக்குச் செய்யாத குற்றமெல்லாம் நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒரு போலீஸ் அதிகாரி, அகலமான தோள், குறுகிய பதில்கள்.

தம்பி அறிக்கையைச் சொல்லி முடித்ததும் அக்கா மைக்கைத் தன் பக்கம் வளைத்தாள். பாலம், படிக்கட்டு, சட்டை, பேக்கரி, ஒன்றையும் விடவில்லை. சட்டை கழற்றிய இடத்தில் நீதிபதி இருமினார். அது இருமல்தானா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம்.

போலீஸ் அதிகாரி முன்னால் சாய்ந்தார். "சரி, நீங்க போனதாலதான் அந்தப் பக்கம் குறைஞ்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க? அதே வருஷம் நாங்க ரோந்தைக் கூட்டினோம். தெருவிளக்கு போட்டோம்."

டைரக்டர் மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா இந்த மாதிரிக் கேள்விக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் கொடுப்பவள். அன்று அப்படிக் கொடுக்கவில்லை. 

"எனக்கு மனசுக்குத் தெரியும் சார். ஆனா உங்களுக்கு எப்படிக் காட்டுறதுன்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் தம்பி இருக்காரு. நான் குறுக்க போய்க் கெடுத்துட்டேன். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க."

தம்பி பையிலிருந்து புதிய திட்டத்தை எடுத்தார். நாலு குடியிருப்புகள். பாலத்துக்கு அந்தப் பக்கமும் அதில் ஒன்று. நாலுக்கும் வேலை போய்ச் சேரும், யாரையும் கடைசிவரை விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒரே நாளில் இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக. முறை வராதவர்கள் காத்திருக்கும்போது அங்கே என்ன நடக்கிறது, முறை வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். எது முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும், ஆசைக்கு எடுக்கக் கூடாது.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். "அம்மா, காத்திருக்கிற இடத்துக்கு நீங்க போக மாட்டீங்கன்னு எனக்கு வாக்குக் குடுப்பீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் மானியம். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"என்னை நம்பி விட்டீங்கன்னா போயிடுவேன் ஐயா," என்றாள் அக்கா. "பொய் சொல்ல வரல. நான் உக்காரணும்னா பக்கத்துல வேற ஒருத்தர் எழுந்திருக்கணும். கேக்க ஆளே இல்லாம ஒருத்தன் கதவைத் திறந்துட்டுப் போறதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. அடிபட்டவன் வீட்டாளுங்ககிட்ட உக்காந்து பேச ஆஸ்பத்திரியில ஆலோசனை நர்ஸ் ஒருத்தரைப் போடுங்க. அப்ப வாக்குத் தர்றேன்."

அந்த நர்ஸ் நாலு பகுதிக்கும் முதல் நாளிலிருந்தே பொதுவாக இருந்தால் ஆராய்ச்சி கெடாது என்று தம்பி சொன்னார். கெடாது. கெடாத மாதிரி தெரிகிறது என்றுகூடச் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரி ஏதோ எழுதி நீதிபதி பக்கம் தள்ளினார். வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது, விண்ணப்பத்தில் கேட்ட பணத்தில் பாதியும், அதில் கேட்காத நர்ஸ் ஒருவரும் கிடைத்திருந்தார்கள். நர்ஸைக் கேட்டது நான்தானே என்று லிஃப்டில் அக்கா எல்லோருக்கும் நினைவுபடுத்தினாள். டைரக்டர் மேடம் சுவரில் சாய்ந்துகொண்டு, இனிமேல் நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சீட்டு எடுக்கச் சொன்னது அக்காவைத்தான். குறை சொல்ல வாய்ப்பு இருக்கக் கூடாதென்று தம்பி கணக்குப் போட்டிருந்தார். முதலில் வந்தது பஸ் டிப்போ ஓரம். அடுத்து சந்தைக்குப் பின்புறம், பிறகு தண்ணீர்த் தொட்டி. கடைசிச் சீட்டைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பிரித்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒன்றரை வருஷக் காத்திருப்பு.

மறுபடி எடுக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று மட்டும் கேட்டாள். இன்னும் தொடங்கவில்லை, அதனால் ஒரே ஒரு தடவை போகலாம், நானும் வருகிறேன் என்றார் தம்பி.

பேக்கரிக்காரம்மா ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். நர்ஸின் நம்பரை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"வரமாட்டேன்னு சொல்றதுக்கு வீடு தேடி வந்த ஒரே ஆளு நீதான்டி."

"எப்ப வருவேன்னு சொல்லத்தான் வந்தேன். அதையும் காதுல வாங்கு."

"ஒன்றரை வருஷத்துல இங்க எத்தனை மண்டை உடையுமோ."

"நர்ஸைக் கூப்பிடு. போலீஸைக் கூப்பிடு. என்னை மட்டும் கூப்பிடாத. கூப்பிட்டா வந்துடுவேன்."

அந்த அம்மா கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தார். அதற்குள் கடைக்கு எதிரில் இரண்டு பையன்கள் ஒரு மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்கள். ஒருவன் மற்றவன் சட்டைக் காலரைப் பிடித்தான். அக்காவின் உடம்பு தானாகத் திரும்பியது. தம்பி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அக்கா கல்லாப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேக்கரிக்காரம்மா அவளைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு அவரே இறங்கித் தெருவுக்குப் போனார். இருவருடைய அம்மாக்களையும் பெயர் சொல்லி இழுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு பிடி பிடித்தார்.

"அப்படித் திட்டக் கூடாது," என்று அக்கா பல்லுக்குள் முணுமுணுத்தாள். "மெதுவாக் கேட்கணும். முதல்ல பேரைக் கேட்கணும்."

"அக்கா," என்றார் தம்பி.

அவள் கல்லாப்பெட்டியை விட்டாள். பின்பக்க வழியாக வெளியே வந்து, சத்தம் கேட்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். பாலத்தின் பாதியில் வந்துதான் நின்றாள். கீழே ஒரு ரயில் போனது.

"அவனுங்க அடிச்சுக்கிட்டானுங்களா இல்லையான்னு எனக்கு எப்பத் தெரியும், தம்பி?"

"எல்லாம் முடிஞ்சதும் அறிக்கையில வரும், அக்கா."

"அதுக்கு முன்னாடி?"

"முடியாது, அக்கா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்தப் பையன் இந்த வார்த்தையை நன்றாகப் பழகிக்கொண்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"சரி, வேகமா நட," என்றாள். "டிப்போ ஓரத்துல இன்னிக்கே ஆரம்பிக்கணும். அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது."